தாஹிரா சிரிக்கவில்லை

தாஹிரா இறந்த செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா மேடைக்கு முன்னால் கேமராவோடு நின்றிருந்தேன். தாய்மாமன் சீர் வந்து இறங்கியிருந்தது. அத்தை, சித்தி, பெரியம்மா என்று ஒரு கூட்டமே பெண்ணைச் சுற்றி நின்றுகொண்டு, "சீக்கிரம் எடும்மா, காலு வலிக்குது" என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தது. போனில் தாஹிராவின் தம்பி. "அக்கா போயிட்டாங்கக்கா," என்றான். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தப் படத்தை எடுத்தேன். அடுத்ததையும் எடுத்தேன். எப்படி எடுத்தாய் என்று கேட்காதீர்கள். பழகிய கை, அதுபாட்டுக்கு வேலை செய்தது.

துக்க வீட்டிலிருந்து திரும்பும்போதுதான் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நம் புகைப்படக்காரர்கள் சேர்ந்து வைத்த பேனரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாஹிரா, பல்வரிசை முழுவதும் தெரிய. கீழே, "மரணத்தையும் சிரித்தே வென்ற சகோதரிக்கு" என்று பெரிய எழுத்து. அண்ணன்களே, உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது சிரிப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவளை மேலோட்டமாகத் தெரிந்தவர்களுக்காக: கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தின் மூத்த பெண். இஸ்லாமியக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்க ஆண்கள் போக முடியாது. அங்கேதான் அவள் தொழில் தொடங்கியது. பிறகு எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனோம். நான் அவளுக்கு இரண்டாவது கேமரா. ஆனால் அவள் உயிர் குரங்குகளிடம் இருந்தது. முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் பெட்டியைக் கட்டிவிடுவாள். போர்னியோக் காட்டில் தொங்கும் மூக்கோடு மரத்தில் உட்கார்ந்திருக்கும் குரங்கு, ஜப்பானில் பனி கொட்டும்போது வெந்நீர் ஊற்றில் கண்மூடிக் கிடக்கும் குரங்கு, எத்தியோப்பிய மலையில் புல் பிடுங்கித் தின்னும் குரங்கு என்று சுற்றுவாள். காட்டில் எடுத்த அளவுக்குக் கூண்டிலும் சங்கிலியிலும் கிடந்தவற்றையும் எடுத்தாள். அவள் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "கொரங்கு பாக்க இன்னாத்துக்குடி ப்ளேன் ஏறுற? மலை பஸ்ஸுல ஏறுனா ஜாஸ்தியாவே பாக்கலாமே!" என்பார்.

அந்த மலையில்தான், கல்வராயன் மலையில் அருவிக்குப் போகிற வழியில்தான், அவளுக்கு அந்த விஷயம் பிடிபட்டது. காரில் வந்தவர்கள் முறுக்கை வீசினார்கள். சின்னக் குரங்கு ஒன்று எடுத்தது. பெரிய கடுவன் ஒன்று திரும்பி அதை முறைத்தது. சின்னது உதட்டை இழுத்துப் பல்லெல்லாம் காட்டியது. "சிரிக்குது பாரு, சிரிக்குது பாரு" என்று காரே குலுங்கியது. நானும் சேர்ந்து சிரித்தேன். தாஹிரா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "சிரிப்பு இல்லடி செல்வி. உடம்பப் பாரு, எப்படிச் சுருங்கிப் போச்சு. பயந்துக்கினு இருக்குது. அடிக்காத, அடிக்காதன்னு கெஞ்சிக்கினு இருக்குது," என்றாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஒரு படத்தையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

என்னையும் ஒருமுறை தாய்லாந்துக்கு இழுத்துப் போனாள். அங்கே கவுன் மாட்டிய குரங்கு ஒன்றை மடியில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளும் இடம். எனக்கு ஆசை. உட்கார்ந்தேன். அவள் எடுத்துத் திரையில் காட்டினாள். "ரெண்டு பேரும் பல்லக் காட்டுறீங்க. சிரிக்கிறது ஒருத்திதான்," என்றாள். படத்தின் ஓரத்தில் பழக்குகிறவனின் கை தெரிந்தது, கையில் குச்சி. அதை வெட்டிவிட்டால் படம் நன்றாயிருக்குமே என்றேன். "வெட்டிட்டா அழகா இருக்கும். பொய்யாவும் இருக்கும்," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

நைனார்பாளையத்துப் பக்கம் ஒரு கல்யாணம். மணப்பெண்ணைப் பார்த்தவர்கள் எல்லாரும், "நல்லா சிரிச்ச மொகம்" என்றார்கள். தாஹிரா இரண்டு படம் எடுத்துவிட்டு நிறுத்தினாள். விளக்கின் வயரைத் தானே பிடுங்கிவிட்டு, "லைட்டு போயிடுச்சுங்க, எல்லாரும் செத்த வெளிய இருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குக் காவல் நான். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமா இது, போட்டோ எடுக்க வந்தீங்களா, பொண்ணப் பூட்டி வைக்க வந்தீங்களா?" கதவு திறந்தபோது பெண்ணின் கண் வீங்கியிருந்தது. உதடு மூடியிருந்தது. கல்யாணம் நடந்தது. உள்ளே என்ன பேசினீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். "அது அவளோடது," என்றதோடு சரி. அந்த ஆல்பத்தில் பெண் எங்கேயும் சிரிக்கவில்லை என்று இரண்டு வீட்டாருக்கும் எங்கள்மேல் வருத்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணப்பெண்ணிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்: "சிரிக்க வேணாம் கண்ணு. சும்மா இரு."

இனி ஆஸ்பத்திரி. நீங்கள் எல்லாரும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தீர்கள். "தாஹிராக்கா எப்பவும் போல சிரிச்சுக்கினேதான் இருக்காங்க" என்று கட்டிலைச் சுற்றி நின்று செல்பி எடுத்தீர்கள். அதில் ஒன்றுதான் இப்போது பேனரில். நான் உள்ளே வந்தது அப்போதுதான். அவள் உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. தோள் ஒடுங்கியிருந்தது. கண் யார் முகத்திலும் நிற்கவில்லை. "டாக்டர் வர்றாரு, கெளம்புங்க" என்று நான் கத்தியது பொய். எந்த டாக்டரும் வரவில்லை. சிலருக்கு என்மேல் கோபம் என்று கேள்விப்பட்டேன். இருக்கட்டும்.

நீங்கள் போன பிறகும் அவள் பல்லை மூடவில்லை.

"எல்லாரும் போயிட்டாங்க தாஹிரா," என்றேன்.

"பயமா இருக்குதுடி," என்றாள். "ரொம்ப ஜாஸ்தியா இருக்குது."

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் போய் எப்படிப் பொய் சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவளை என்மேல் சாய்த்துக்கொண்டேன். புற்றுநோய் மருந்தில் கொட்டிப்போன முடி அப்போதுதான் முள்முள்ளாக முளைத்திருந்தது. குரங்குக் கூட்டத்தில் ஒன்று பயந்துபோனால் இன்னொன்று வந்து ஒட்டி உட்கார்ந்து அதன் முடியை விலக்கி விலக்கிப் பார்க்கும். அவள் எடுத்த படங்களில் பாதி அதுதான். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

"இன்னாடி பண்ற?"

"பேன் பாக்குறேன்."

"முடியே இல்ல. பேனு எங்கடி இருக்கும்?"

"அதான் தேடிக்கினு இருக்கிறேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூச்சு மெல்ல இறங்கியது. இழுத்துக்கொண்டிருந்த உதடு தளர்ந்தது. பல் மறைந்தது. உடம்பின் பாரத்தை எல்லாம் என் நெஞ்சில் போட்டுவிட்டுத் தூங்கினாள். நர்ஸ் ஊசியோடு வரும்வரை நான் அசையவில்லை. மறுநாள் காலையில் கச்சிராயபாளையம் விழா. சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

அந்தப் பேனரைக் கழற்றிவிடுங்கள், அண்ணன்களே. அவள் மரணத்தை வெல்லவில்லை. பயந்தாள். நம்மையெல்லாம் போலப் பயந்தாள். அது குறை இல்லை. அவளுடைய குரங்குப் படங்கள் தம்பியிடம் இருக்கின்றன, கேமராவும் அவனிடமே இருக்கட்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பயத்தை மறைக்காமல் என்மேல் சாய்ந்து தூங்கினாளே, அந்தப் பாரம் என்னிடம் இருக்கிறது. இதோ, இதை எழுதும்போதும் நெஞ்சில் அதே இடத்தில் கனக்கிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.