சம்பந்தியோடு ஒரே கூடாரத்தில் மச்சு பிச்சுவுக்கு

போன மே மாதம் நான் பெருவுக்குப் போய், இன்கா பாதையில் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு வந்தேன். உண்மையில் இது என் ஆசை இல்லை, மகள் ஆரணியின் ஆசை. அவளும் மருமகன் கார்த்திக்கும் தங்களுக்கும், எனக்கும், கார்த்திக்கின் அப்பாவுக்கும் சேர்த்து அரை வருடத்துக்கு முன்பே பதிவு செய்திருந்தார்கள். புறப்பட மூன்று கிழமை இருக்கும்போது, ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டுச் சோபாவில், மடியில் ஒரு வாளியோடு ஆரணி உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, நாங்கள் வரேலாது. எங்கட ஃபாஸ்ட்லேகெ டொக்டர் இப்ப மலை ஏற வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. நீங்களும் மாமாவும் போங்கோ.”

நான் அம்மப்பா ஆகப்போகிறேன் என்ற செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அந்தச் சந்தோசத்தில் எழும்பி நின்ற பிறகுதான் கடைசி வசனம் உறைத்தது. நீங்களும் மாமாவும்.

சம்பந்தியின் பெயர் வெங்கடேசன். தமிழ்நாட்டுக்காரர். துரொண்ட்ஹெய்மில் பாலம் கட்டும் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஈழத்தமிழன், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். எங்களுக்குள் சண்டை என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் கல்யாணத்தில் நான் உரையாற்றிக்கொண்டிருந்தபோது மைக் திடீரென்று செத்துவிட்டது. அவருடைய காலடியில் வயர் கிடந்தது. “கால் தட்டிடுச்சு” என்றார். அதற்குப் பிறகு “எப்படி இருக்கீங்க?”, “ஓம், நல்லா இருக்கிறன்” என்பதைத் தாண்டி நாங்கள் கதைத்ததில்லை.

ஆனால் இந்தப் பாதைக்கான அனுமதியைக் கடவுச்சீட்டில் உள்ள பெயருக்குத்தான் தருவார்கள். வேறு ஆளை அனுப்பவும் முடியாது, காசைத் திரும்ப வாங்கவும் முடியாது. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் எங்கள் மாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தேன். அவர் முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு துரொண்ட்ஹெய்ம் ஆற்றங்கரையில் நடந்தாராம்.

ஒஸ்லோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம், லிமா வழியாகக் குஸ்கோ. காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு மேல். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடுதியில் முதல் மாடிக்கு ஏறிய உடனேயே எனக்கு மூச்சு இளைத்தது. “முப்பது வருசம் நோர்வே மலையிலை நடந்த ஆள் நான்” என்று சொல்லிக்கொண்டு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் அங்கேயே தங்கி, கொக்கா இலைத் தேநீர் குடித்து உடம்பைப் பழக்கினோம்.

எங்கள் வழிகாட்டி ரோசா என்ற குஸ்கோ பெண். நடை தொடங்கும் இடத்துக்குப் போகிற வேனில், நீங்கள் இருவரும் சகோதரர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “இல்லை!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சம்பந்தி என்பதை எப்படி விளக்குவது? ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இல்லை. நோர்வே மொழியான நொர்ஸ்க்கிலும் இல்லை. “இவருடைய மகன் என் மகளைக் கட்டியிருக்கிறார்” என்று நான் முடிக்கும் முன்பே, “ஆ, கொன்சுவேக்ரோஸ்!” என்று அவள் கத்தினாள். ஸ்பானிய மொழியில் சம்பந்திக்கு என்றே தனிச் சொல் இருக்கிறது! அவள் பின்னால் திரும்பி, மூட்டை சுமக்கும் ஆட்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னதும் வேன் முழுவதும் சிரிப்பு. ஒருவர் எழுந்து வந்து எங்கள் இருவரின் முதுகிலும் தட்டிவிட்டுப் போனார். அனுபவப்பட்டவராக இருக்கவேண்டும்.

முதல் நாள் சுமார் 12 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லை. அப்படியிருந்தும் பகலுக்குள் ஒரு பிரச்சினை வந்தது. சம்பந்தி வேகமாக நடந்ததால், “ஆறுதலா வாங்கோ, ஆறுதலா” என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். நாலாம் தடவை அவர் நின்றுவிட்டார்.

“எதுக்கு சார் எனக்கு ஆறுதல்? என் வீட்ல யாராவது செத்துட்டாங்களா?”

ஆறுதலா என்றால் எங்கள் தமிழில் மெதுவாக என்று விளக்கினேன். “அப்ப மெதுவான்னே சொல்லலாமே” என்றார். அன்று மாலைவரை இரண்டு பேரும் மெதுவாகவும் ஆறுதலாகவும் தனித்தனியே நடந்தோம். கூடாரம் மட்டும் ஒன்று. அவர் குறட்டை விடுவார். நானும் விடுவேன் என்று காலையில் அவர் சொன்னார்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் சோதனை. 4,215 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயைத் தாண்டவேண்டும். பாதி ஏற்றத்தில் எனக்குத் தலை இடித்தது. காலைக்கஞ்சி வெளியே வந்தது. ரோசா என் விரலில் கருவியைப் பொருத்தி ஒட்சிசன் அளவைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். “கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போம். அளவு ஏறாவிட்டால் உதவியாளருடன் கீழே இறங்கவேண்டும்” என்றாள். பிறகு சம்பந்தியைப் பார்த்து, “நீங்கள் தொடர்ந்து போகலாம்” என்றாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சாந்து இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிய இன்கா சுவர்களை ஒருமுறையாவது நேரில் பார்க்கவேண்டும் என்பது அந்த மனிதரின் கல்லூரிக் காலத்து ஆசை. கார்த்திக் சொல்லியிருந்தான்.

“அவர் இறங்கினா நானும் இறங்கறேன்” என்றார் சம்பந்தி. அவ்வளவுதான். சப்பாத்தைக் கழற்றிக் கல்லைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அதை வாந்தி என்று நினைத்து அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஒட்சிசன் குழாயைச் சிறிது நேரம் மூக்கில் வைத்திருந்த பிறகு அளவு ஏறியது. ரோசா சம்மதித்தாள், ஆனால் இரண்டு நிபந்தனை: நத்தை வேகம், நான் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. என் பையைச் சம்பந்தி வாங்கி நெஞ்சுப் பக்கமாக மாட்டிக்கொண்டார். நான் சோர்ந்து நின்றுவிடாமல் இருக்க யாராவது கதை கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்று அவள் சொன்னதும், அவர் தொண்டையைக் கனைத்தார்.

கல்யாண நாளிலிருந்து மனதில் வைத்திருந்ததையெல்லாம் அந்த ஏற்றத்தில் கொட்டினார். மண்டபத்தில் அவருடைய அக்காவுக்குப் பின்வரிசை கொடுத்தது. சாம்பாரில் தேங்காய்ப்பால் விட்டது. நான் துரொண்ட்ஹெய்ம் பக்கம் வந்தும் அவர் வீட்டுக்குப் போகாமல் ஹோட்டலில் தங்கியது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அருமையான பதில் இருந்தது, மூச்சுத்தான் இல்லை. கணவாயின் உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது, “வயரை நான்தான் இழுத்தேன். வேணும்னேதான். பந்தியில சாப்பாடு ஆறிட்டிருந்துச்சு” என்றார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் சொல்ல முடிந்தது ஒரு “ஓம்”.

“ஓம்னா சரின்னுதானே அர்த்தம்?” என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த பக்கம் முழுவதும் கற்படி இறக்கம். எனக்கு மூச்சு திரும்பியது. அவருக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டு ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிற மனிதர் எங்கே ஓட முடியும்? அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பதில் சொன்னேன். தேங்காய்ப்பாலுக்கு மட்டும் தனியாக ஒரு வளைவு முழுக்க எடுத்தேன்.

நாலாம் நாள் காலையில் சூரிய வாசல் என்ற இடத்தில் நின்றபோது கீழே மச்சு பிச்சு தெரிந்தது. வானத்தில் ஒரு மேகமும் துப்புரவாக இல்லை. கீழே போனதும் சம்பந்தி ஒரு சுவரின் முன்னால் மூக்கு முட்டுகிற தூரத்தில் வெகுநேரம் நின்றார். “ஒரு தாள்கூட நுழையாது” என்றார், தன் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வது போல. பிறகு முழங்கால் தாங்காமல் ஒரு தாழ்வான சுவரில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார். “பொறக்கப்போற குழந்தை உங்க தமிழ் பேசுமா, எங்க தமிழ் பேசுமா?”

உண்மையாகவே கவலையோடுதான் கேட்டார். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆரணியும் கார்த்திக்கும் வீட்டில் எந்த மொழியில் சண்டை பிடிக்கிறார்கள் என்று யோசித்தேன்.

“ரெண்டு பேரையும் நொர்ஸ்க்கிலைதான் பேசும்” என்றேன்.

எங்கள் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது. அதை விளக்கியதும் அவருக்கு வந்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். காவலாளி விசில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அந்தச் சுவர்களில் உட்காரக்கூடாதாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, ஆனால் அரை வருடத்துக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். மொத்தத் தூரம் சுமார் 42 கிலோமீட்டர். வழிகாட்டி, சாப்பாடு, கூடாரம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய எட்டாயிரம் குரோனர், விமானச்சீட்டு தனி. குஸ்கோவில் இரண்டு நாளாவது தங்குங்கள், மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். கொக்கா தேநீரை அங்கேயே குடித்து முடியுங்கள், நோர்வேக்குக் கொண்டுவந்தால் சுங்கத்தில் பிடிப்பார்கள். இறக்கத்துக்கு ஊன்றுகோல் கட்டாயம்.

நிம்மதியான தூக்கம் வேண்டுமானால் ஆளுக்கொரு கூடாரம் கேளுங்கள். நாங்கள் கேட்காததன் பலன், இப்போது நான் வேலை முடிந்து ரி-பான் சுரங்க ரயிலில் ஏறியதும் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஃபோன் வருகிறது. நேற்று ஸ்டோவ்னரில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேசன் வரைக்கும் போய்விட்டேன். முழுக்க அவர்தான் கதைத்தார்.