ஆயர் ஈத்தாமில் வீங்கிய கன்னம்

மலேசியாவின் ஆயர் ஈத்தாம் ஊரில் பானைக் கடைகளுக்குப் பக்கத்தில் எங்கள் குட்டி கேரவனை நிறுத்தியிருக்கிறோம். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. என் கணவர் சேகர் வீட்டிலேயே தைத்த பந்தலை முதல் முறையாகக் கட்டுகிறார். ஒரு ஓரம் வண்டியின் மேல்விளிம்பில், மறு ஓரம் இரண்டு பிவிசி குழாய்களில். துணி, எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள் விருந்துக்கு அடித்த பேனர். அதனால் தலைக்கு மேலே நாங்கள் இருவரும் மாலையோடு சிரிக்கிறோம்.

பக்கத்தில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்து பீசாங் கோரேங் பொரித்து விற்கும் ராணி அண்ணாந்து பார்க்கிறார். "என்னக்கா, இங்கயேவா கல்யாணம்?"

சேகரின் முகம் சுருங்குகிறது. மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தது அது.

மழை கொட்டுகிறது. ராணியின் குடை சாய்ந்துவிட, பொரித்த பழத் தட்டோடு எங்களிடம் ஓடி வருகிறார். மூவரும் நனையாமல் நிற்கிறோம். சேகர் நெஞ்சை நிமிர்த்துகிறார். அந்த நேரம் பார்த்து, பேனரில் இருக்கும் அவருடைய கன்னம் தண்ணீர் தேங்கி பலாப்பழம்போல் தொங்குகிறது.

"அலமாக்! அண்ணன் மூஞ்சி வீங்குது லா! ஒரு பைப்ப எறக்கிக் கட்டுங்கண்ணே, தண்ணி ஓடட்டும்!"

"அதெல்லாம் தாங்கும்" என்று சேகர் இரு கைகளாலும் கன்னத்தை மேலே தள்ளுகிறார். தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஓரமாக வழிந்து அவர் சட்டைக்குள் இறங்குகிறது.

நானும் ராணியும் சிரித்து முடிப்பதற்குள் அவர் ஒரு குழாயை இறக்கிக் கட்டிவிடுகிறார். தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மழைக்கு ஒதுங்கி, பந்தலைத் தொட்டுப் பார்க்கிறார். "நல்லா இருக்கே, யாரு செஞ்சது?"

"நான்தான்" என்கிறார் சேகர், சட்டையைப் பிழிந்தபடி. "ஒரு பக்கம் எறக்கிக் கட்டணும் தம்பி. அதுதான் டெக்னிக்."

ராணி என்னைப் பார்க்கிறார். நான் ஆளுக்கொரு பழத்தை எடுத்து நீட்டுகிறேன்.