குமரனோடு புதைத்த போன்

போன வாரம் போர்ட்டிக்சன் டவுனில் ஒரு போன் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புதுப் போன் வாங்கவா? இல்லை... என் அதிமேதாவித்தனம் எதில் போய் முடிந்தது என்று தெரிந்துகொள்ள.

கூட வந்தவள் கலா, என் சித்தப்பா மகள். லிங்கி பக்கம் எஸ்டேட் வீட்டில் குடியிருக்கிறாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. கணவன் குமரன் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எஸ்டேட் இடுகாட்டில்தான் அடக்கம். இறந்தவருக்குப் பிடித்ததைச் சவப்பெட்டியில் வைப்பது நம் வழக்கம் – வெற்றிலை, சுருட்டு, சிலருக்கு சீட்டுக்கட்டு. குமரனுக்கு என்ன வைப்பது?

"போன் இல்லாம ஒரு நிமிசம் இருக்க மாட்டான்லா. அதையே வச்சிடுவோம்" என்றார்கள் நண்பர்கள்.

கலா பதறினாள். "அதுலதாண்ணே பாப்பா படம் எல்லாம் இருக்கு. அவரு தாலாட்டுப் பாடின வீடியோவும் அதுலதான்!"

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். ஊசியால் குத்தி, போனின் ஓரத்திலிருந்து மெமரி கார்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"எல்லாம் இதுலதாம்மா இருக்கு. போன் வெறும் கூடு."

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணன் ஆயிற்றே! போனைக் குமரனின் சட்டைப் பையில் வைத்ததும் நான்தான்.

கருமாதி முடிந்ததும் கலா கார்டைத் தன் போனில் போட்டிருக்கிறாள். 'இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டிருக்கிறது. நல்லவேளை, எதையும் அழுத்தாமல் என்னைக் கூப்பிட்டாள். நான் இருக்கும் மம்பாவிலிருந்து ஓடினேன்.

கடைக்காரர் நாதன் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் செருகி, வெகுநேரம் பார்த்தார்.

"கார்டுக்கு ஒன்னும் ஆகலண்ணே. எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. ஆனா பூட்டிக் கெடக்கு. சாவி அந்தப் போன்ல. போன கொண்டாங்க, தொறந்துடலாம்."

கலா என்னைப் பார்த்தாள். விஷயத்தை நான்தான் சொன்னேன். நாதனின் முகம் மாறிவிட்டது.

பிறகு மெதுவாக விளக்கினார். கார்டை முதன்முதலில் போடும்போது சில போன்கள் ஒரு கேள்வி கேட்குமாம்: தனியாக வைக்கவா, என்னோடு சேர்த்துக்கொள்ளவா? தனியாக வைத்தால் எந்தப் போனிலும் திறக்கும். இடம் நிறையக் கிடைக்கட்டும் என்று குமரன் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அதன்பின் அந்தப் போன் எல்லாவற்றையும் சங்கேதமாக மாற்றித்தான் கார்டில் எழுதும். ஒரு வீடியோவைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் போட்டு, எது எங்கே என்று பதிவேடும் வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவேட்டுக்கும் அதே பூட்டு. திறக்கும் சாவி அந்த ஒரு போனுக்குள் மட்டும்.

நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறானா என்று தேடினோம். டேட்டா தீர்ந்துவிடும் என்று அதை அணைத்தே வைத்திருந்தான்.

"தோண்டிப் பாக்கலாமாண்ணே?" என்றாள் கலா. சாதாரணமாக, அடுத்து எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்பதுபோல.

நாதன் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு வாரமா மழை, தங்கச்சி. எஸ்டேட்டு மண்ணு... போன் செத்திருக்கும்லா."

"பாப்பா வளந்து, அப்பா எப்படிப் பேசுவாருன்னு கேட்டா நான் என்னண்ணே சொல்வேன்?"

போன் வெறும் கூடு என்று சொன்னவன் நான்தானே.

கிளம்பும்போது நாதன் என்னிடம் மட்டும் சொன்னார். "அன்னைக்கே வேற போன்ல ஒரு தடவ போட்டுப் பாத்திருக்கலாம்ணே. ரெண்டு நிமிசம்."

அன்று பெட்டியை மூடும்போது என் பையில் என் போன் இருந்தது.