ஒன்பதாம் நம்பர் ஜெர்சிக்குள் இருந்தவர்

மைக் பிடிக்கிறவனிடம் எல்லோரும் தொண்டையைத்தான் விசாரிப்பார்கள். கண்ணை யாரும் விசாரிப்பதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கால்பந்துத் தொடர்களுக்கு மைக் செட் போட்டு, வர்ணனையும் நானே சொல்லி, இருபது வருடம் ஓடிவிட்டது. கோவில் விழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எங்கேயாவது மைக் பிடித்து வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நான் அதிகம் கத்தியது கீழப்பொட்டல் அணிக்காக. வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் சின்ன ஊர். அணி சுமார் ரகம்தான். ரசிகர்கள் மட்டும் முதல் தரம்.

மைக்கே சாட்சி

இடைவேளை விட்டால் ரசிகர்கள் என் மேசையைச் சுற்றி வந்துவிடுவார்கள். பழைய மேட்சுகளைப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது அவர்கள் எண்ணம். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் கருப்பையா அண்ணன். கடலை விவசாயி. பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் அணி எங்கே போனாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் திருமயத்தில் ஆடிய மேட்சில் நாம் அடித்தது மூன்று கோலா, நான்கு கோலா என்று வாக்குவாதம் முற்றி என்னிடம் வந்தார்கள். எனக்கு நினைவில்லை, ரெப்ரியைக் கேளுங்கள் என்றேன். கருப்பையா அண்ணனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

"ரெப்ரி விசில்தான் ஊதுவாரு தம்பி, நமக்கு வெவரம் சொன்னது நீங்க. நீங்க மைக்ல என்ன சொன்னீங்களோ அதுதான் ஸ்கோரு."

மழையில் மூடிய ஆம்ப்ளிஃபயர்

கீரமங்கலத்தில் ஒரு அரையிறுதி. இரண்டாம் பாதியில் மழை கொட்டித் தீர்த்தது. ஆம்ப்ளிஃபயர் நனைந்தால் நான் தெருவுக்கு வரவேண்டியதுதான். மைக்கை அணைத்துத் தார்ப்பாயைப் போட்டு மூடி, அதற்கு மேல் குடையும் பிடித்தேன். ஆட்டம் நிற்கவில்லை. சேற்றில் ஆறு பேர் பந்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போய் கோலுக்குள் விழுந்தார்கள். என் சர்வீஸில் நான் பார்த்த மிகச் சிறந்த மேட்ச் அதுதான்.

ஆனால் மறக்க முடியாத மேட்சுகள் என்று ரசிகர்கள் பேசும்போது அதை யாருமே எடுப்பதில்லை. பந்தலுக்குள் ஒதுங்கி நின்றவர்களுக்கு மழைத் திரைதான் தெரிந்திருக்கிறது. நானே ஒருமுறை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கருப்பையா அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது என்னா மேட்சு தம்பி, நீங்கதான் வாயவே தொறக்கலையே."

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பயந்திருக்க வேண்டும்.

கடைசி மூன்று நிமிடம்

அவர்கள் ஓயாமல் பேசும் மேட்ச், பதினோரு வருடத்துக்கு முந்தைய இறுதி ஆட்டம். கீழப்பொட்டலுக்கு இன்றுவரை கிடைத்த ஒரே கோப்பை அதில் வந்ததுதான். இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. மூன்று நிமிடம் பாக்கி. வெயில் நேராக என் முகத்தில். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி பாய்ந்து வந்து அடித்தது. ஒன்பதாம் நம்பர் என்றால் ரவி. "ரவி... ரவி... கீழப்பொட்டல் ரவி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மைதானம் முழுக்க அதையே திருப்பிக் கத்தியது.

பரிசளிப்புக்கு ரவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் உடம்பில் ஜெர்சி இல்லை, வெறும் துண்டு. அப்புறம்தான் பார்த்தேன், தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒல்லியாக ஒருவன் ஒன்பதாம் நம்பர் ஜெர்சியோடு நின்றான். அணியிடம் இருந்ததே பதினோரு ஜெர்சி. வெளியே வருகிறவன் கழற்றிக் கொடுப்பான், உள்ளே போகிறவன் மாட்டிக்கொள்வான். கடைசிப் பத்து நிமிடத்தில் ரவிக்குக் கால் பிடித்துக்கொண்டதையும், இந்த ஒல்லிப் பையன் அந்தோணி உள்ளே போனதையும் நான் கவனிக்கவில்லை. அப்போது கோப்பை வழங்கியவர், குடிநீர் வழங்கியவர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மைக் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்ளும் என் மச்சான் முருகேசன் காதோரம் வந்து சொன்னான்.

"ஒண்ண மாத்திச் சொன்னா, இன்னைக்குச் சொன்ன மத்த நாலு கோலையும் சந்தேகப்படுவாங்க மச்சான். பேசாம வயரச் சுருட்டு."

சுருட்டிவிட்டேன்.

மாலைக்கு மேல் மாலை

அந்தோணி ஆவூர்ப் பக்கத்துப் பையன், கீழப்பொட்டலில் அக்கா வீட்டில் தங்கி ஐ.டி.ஐ. படித்தவன். அடுத்த மாதமே மஸ்கட் போய்விட்டான். இங்கே அந்தக் கோல் வருடா வருடம் வளர்ந்தது. முதலில் இரண்டு பேரை ஏமாற்றி அடித்த ரவி, பிறகு நான்கு பேரை ஏமாற்றினான். அவன் கல்யாண பேனரில்கூட பந்தும் ஒன்பதாம் நம்பரும் இருந்தன. அதைப் பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமலே வந்துவிட்டேன்.

ஒருநாள் அவனுடைய டூவீலர் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டேன், நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"சொல்லாமயா இருந்தேன்? அன்னைக்கே பத்துப் பேருட்ட சொன்னேண்ணே. 'ஜெயிச்சும் எவ்வளவு அடக்கம் பாரு'ன்னு இன்னும் ரெண்டு மாலை போட்டாங்க."

இடது கால்

இந்த வருடத் தொடரில், இடைவேளையில், கருப்பையா அண்ணன் வழக்கம்போல அந்த மேட்சை எடுத்தார். "ரவி வலது காலால ஒரு இழு இழுத்தான் பாருங்க" என்றதும், பக்கத்தில் நின்ற தாடிக்காரர் ஒருவர், "எடது காலுங்கய்யா" என்றார்.

"நீ அன்னைக்கு வந்திருந்தியா?"

"வந்திருந்தேங்கய்யா."

"எங்கிட்டு நின்ன?"

"கோலுக்குப் பக்கத்துலதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாடியும் தொப்பையும் வந்திருந்தாலும் அந்தோணிதான் என்று தெரிந்துவிட்டது. மைக்கை ஆன் செய்தேன். "அந்த பைனல்ல கடைசிக் கோலை அடிச்சது ரவி இல்லை. ரவி ஜெர்சியைப் போட்டு ஆடின அந்தோணி. தப்பாச் சொன்னதும் நான்தான், தெரிஞ்சும் மாத்தாம இருந்ததும் நான்தான்" என்றேன்.

முதலில் கை தட்டியது எதிர்ப்பக்கம் நின்ற ரவி. கருப்பையா அண்ணன் அந்தோணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இடது காலை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். "மைக்லயே சொல்லியாச்சு. இனிமே அதுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அந்தோணி என் மேசையை நெருங்கி வந்தார். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் போனை எடுத்து நீட்டினார்.

"மஸ்கட் ரூம்ல நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன், அது ரவி அடிச்ச கோலுன்னு சொல்லி, பதினோரு வருசமா என்னயப் பொய்க்காரனாக்கி வச்சிருக்காண்ணே. இன்னொரு தடவ சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

ஆக, இருபது வருட மைக் தொழிலில் யார் அடித்தது என்று நன்றாகப் பார்த்து, நிதானமாக, இரண்டு தடவை நான் சொன்ன ஒரே கோல், அடித்துப் பதினோரு வருடம் கழித்துச் சொன்ன அந்தக் கோல்தான்.