குழாயை மூடக் கூடாத ஊர்

இந்த ஊரில் குளிர் முற்றிவிட்டால், வேலைக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்ட வேண்டும், குழாயைத் திறந்துவிட வேண்டும். நூல் கனத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் உறையும், உறைந்தால் குழாய் வெடிக்கும். கனடாவில் மானிட்டோபா பக்கம் ஒரு சின்ன ஊரில், மொபைல் ஹோம் என்று சொல்லும் தகர வீட்டில் இருக்கிறேன். பேர்தான் மொபைல், எங்கேயும் நகராது. வீட்டுக்கும் தரைக்கும் நடுவே தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி, தண்ணீர்க் குழாய் எல்லாம் அதற்குள்ளே. "உனக்கென்னடி, கனடாவுல இருக்க" என்று ஊரிலிருந்து யாராவது போனில் பெருமூச்சு விடுவார்கள். அன்று காலையில்தான் உறைந்த குழாயை இளக்க ஹேர் டிரையரும் கையுமாக நான் வீட்டுக்கடியில் கிடந்து வந்திருப்பேன்.

ஐப்பசி அடைமழையில் அங்கே சம்பாப் பயிர் மூழ்குமா பிழைக்குமா என்று கிடக்கிற நேரத்தில், நான் இங்கே குழாய்களுக்கு மின்சாரத்தில் சூடாகும் ஹீட் டேப்பைச் சுற்றி, மேலே பஞ்சுறை மாட்டி, அடியில் காற்று புகாதபடி சுற்றிலும் பலகை அடைத்துக்கொண்டிருப்பேன். கடுங்குளிர் வந்தால் அதுவும் போதாது. வீட்டுச் சூடு குழாயைத் தொட, சிங்குக்குக் கீழே இருக்கிற கப்போர்டு கதவைத் திறந்து வைக்க வேண்டும். கடைசி மருந்து ஓடும் தண்ணீர். என் தலையெழுத்து, எல்லாம் பழகிவிட்டது.

போன வருடம் அம்மா போனதும் அப்பாவை அழைத்துக்கொண்டேன். நான் ஒரே மகள். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவருக்கு ஒரு வாய் சோறு போட ஆளில்லை. "மக வூட்டுல போயி உக்காந்து திங்கவா?" என்று மாதக்கணக்கில் முரண்டு பிடித்தார். கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிவந்தேன். முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் என்னோடே தங்கிவிடுவார் என்று நம்பினேன். அதைத் தவிர இந்த வருடம் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

இந்தத் தகர வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரக் கிழவர் டக், கடுங்குளிர் தொடங்கிய அன்று வந்து அப்பாவிடம் குழாயைக் காட்டி, விரலை ஆட்டி, "லெட் இட் ரன்" என்றார். அப்பாவும் சிரித்துக்கொண்டே "எஸ், எஸ்" என்று தலையாட்டினார். டக் போனதும் என்னிடம், "நல்ல மனுசந்தான். ஆனா மூள கலங்கிருக்கும் போல. தண்ணிய சும்மா தொறந்து வுடச் சொல்றான்" என்றார்.

"இங்க எல்லாரும் அப்படித்தாம்பா செய்வாங்க."

"எல்லாருமா? வெளங்கிடும்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைமடைக்காரர். பண்ணையாள் வீட்டில் பிறந்து, கூலி கேட்டுச் சங்கத்தில் சேர்ந்து, மிராசுதார் ஆட்களிடம் மண்டை உடைபட்டவர். ஆட்சி மாறி, உச்சவரம்புச் சட்டம் வந்து, அதற்கும் பல வருடம் அலைந்து ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா வாங்கினார். பட்டா வந்தது, தண்ணீர் வரவில்லை. மேட்டூர் திறந்தாச்சு என்று ரேடியோ சொல்லும். மேலே இருக்கிற வயல்காரர்கள் மடையை அடைத்து வைத்திருப்பார்கள். மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் காவல் கிடந்து, சண்டை போட்டுத் தன் முறைத் தண்ணீரை வாங்கிப் பாய்ச்சினார். எங்காவது மடை கசிந்தால், அது அடுத்தவன் வயலாக இருந்தாலும், சேற்றை அள்ளி அப்பி அடைத்துவிட்டுத்தான் நகருவார். அந்தக் கை, சமையலறையில் ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

தை மாதம் ஒருநாள், முதியோர் இல்லத்தில் என் வேலை முடிந்து சாயங்காலம் வந்தேன். குழாய் இறுக்கி மூடியிருந்தது. கப்போர்டு கதவும் சாத்தி, வீடு துப்புரவாக இருந்தது. குழாயைத் திருகினேன். சொட்டு வரவில்லை. டக் ஓடிவந்து அடியில் புகுந்து சூடு காட்டினார். பனி இளகியதும் குழாய் பிளந்திருந்த இடத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி, மெயின் வால்வை அடைப்பதற்குள் சமையலறைத் தரை ஊறி உப்பிவிட்டது.

"யாரக் கேட்டு மூடுனீங்க? இது என்ன உங்க ஊரு வாய்க்காலா? என் வீட்டுல எதத் தொட்டாலும் என்னைக் கேட்டுட்டுத் தொடுங்க!" என்று கத்திவிட்டேன்.

"வீணாப் போவுதேன்னு..." என்றார். முதல் வருடம் இங்கே எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று டக் சிரித்தார். அதை அப்பாவுக்குச் சொல்லக்கூட எனக்குப் பொறுமையில்லை.

டக் குழாயை மாற்றிக் கொடுத்தார். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, ஊருக்கு அனுப்பு என்றும் சொல்லவில்லை. அப்பாடா, தங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் சாய்ந்திருந்தேன். அப்பா சமையலறைக்குள் போகாமல், ஓரமாக, டம்ளரும் கையுமாக நின்றார்.

"கொஞ்சம் தண்ணி புடிச்சிக்கட்டுமாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் மிராசுதார் வீட்டுக் கொல்லையில் நின்று அவர் கேட்ட கேள்வி அது. கிணற்றைத் தொடக் கூடாது. கேட்டுவிட்டு நிற்க வேண்டும், யாராவது வந்து மேலேயிருந்து ஊற்றுவார்கள், குவித்த கையில் வாங்கிக் குடிக்க வேண்டும். இனி எவனிடமும் தண்ணீர் கேட்டு நிற்க மாட்டேன் என்றுதான் அவர் சங்கத்துக்கே போனார். அந்தக் கேள்வி என் வாயில் வராமல் என்னை வளர்த்தார்.

"உங்க வீடுப்பா இது. என்னை ஏன் கேக்குறீங்க?" அழுகை வந்துவிட்டது எனக்கு.

"இல்லம்மா. இந்த ஊருத் தண்ணி எனக்குப் புடிபடல. நீ சொன்னாப் புடிச்சிக்கிறேன்."

சிங்கில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். "புடிச்சிக்குங்கப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் கிட்டே போய் டம்ளரை நீட்டினார்.