பாவாடை நாடா விழும் இடம்

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸாக இருக்கிறேன். அப்போதே இருபது வருட சர்வீஸ். வார்டில் எனக்கு வாய் நீளம் என்று பெயர். நோயாளிகளின் நல்லதுக்குத்தானே திட்டுகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சமயம் வாரம் ஒருமுறை ஓர் அம்மா வருவார். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பட்டு நெய்கிற குடும்பம். குடலில் புற்றுநோய்க் கட்டி என்று சென்னையில் ஆபரேஷன் செய்து, மலம் வெளியேற வயிற்றின் இடது பக்கம் ஒரு வழி வைத்து, அதன்மேல் பை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அடுத்ததாக எங்களிடம் கீமோ போட்டுக்கொள்ள வேண்டும். பை மாற்றவும், சுற்றியுள்ள தோலைப் பார்த்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வரும்போதெல்லாம், பை நிற்க மாட்டேன் என்கிறது, கசிகிறது என்பார். பையின் கீழ் ஓரத்துத் தோல் வெந்து சிவந்திருக்கும். கட்டிலில் படுக்கச் சொல்லி, புடவையைத் தளர்த்தி, துடைத்து, புதுப் பை ஒட்டுவேன். கச்சிதமாக உட்காரும். என் கைக்கு நிற்கிற பை உங்கள் கைக்கு மட்டும் ஏன் கழன்றுகொள்கிறது என்று சத்தம் போடுவேன். ஈரம் துடைக்காமல் ஒட்டுகிறீர்கள், அவசரப்படுகிறீர்கள் என்று அடுக்குவேன். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

இதற்கிடையில் எடை வேறு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு முறை கீமோவுக்கு வந்தவரை, உடம்பு தாங்காது, நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்படியே தள்ளிப்போனால் ஆபரேஷன் செய்ததற்கே பலன் இல்லாமல் போய்விடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றைக்கும் நான் அந்த அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டேன். வேளைக்குச் சாப்பிட என்ன கேடு என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். கேஸ் ஷீட்டில் ‘சொல்வதைப் பின்பற்றுவதில்லை’ என்று எழுதியும் வைத்தேன்.

அந்த வாரம்தான் என்னைச் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். ஆறாத புண், வயிற்றில் பை வைத்தவர்கள், சிறுநீர் மலம் அடக்க முடியாதவர்கள், இவர்களைக் கவனிப்பது பற்றி நர்ஸ்களுக்கு ஐந்து நாள் வகுப்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு என்ன புதிதாகச் சொல்லித்தரப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். பாடம் எடுத்த பெண் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அது வேறு எனக்கு ஒட்டவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் எல்லோர் வயிற்றிலும் ஆளுக்கு ஒரு பை ஒட்டி, உள்ளே கரைத்த கேழ்வரகுக் கூழை ஊற்றினார். இதோடு வீட்டுக்குப் போங்கள், வழக்கமான வேலையெல்லாம் செய்யுங்கள், நாளைக்கு இங்கே வந்துதான் கழற்ற வேண்டும் என்றார். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கீழே வைத்திருந்த டிபன் பாக்ஸை எடுக்க இரண்டு தரம் குனிந்திருப்பேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இடுப்பில் என்னவோ ஈரமாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் கூழ். புடவையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. சட்டென்று எழுந்து, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் விடவில்லை.

“சீட்டு காலியாத்தானே இருக்குது. குந்துமா.”

பரவாயில்லை என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் கேழ்வரகுக் கூழ்தான், எனக்கே தெரியும். ஆனாலும் காஞ்சிபுரம் வரும்வரை யாருக்காவது வாடை அடிக்குமோ என்று கூசிக்கொண்டே நின்றேன். ஷேர் ஆட்டோவில்கூட ஏறாமல் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் புடவையை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாவாடை நாடா சரியாகப் பையின் ஒட்டுப் பகுதிக்குக் குறுக்கே விழுந்திருந்தது. உட்கார்ந்து குனியும்போது வயிறு மடிந்து, நாடாவும் அழுத்த, கீழ் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தோல் வெந்திருந்ததும் அதே ஓரத்தில்தான்.

மறுநாள் பாடம் எடுத்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அவங்க வேலை செய்யற இடத்துல உக்கார வெச்சுப் பாத்தீங்களா, சிஸ்டர்?”

இல்லை. என்ன வேலை செய்கிறார் என்றுகூடக் கேட்டதில்லை. நெசவுக் குடும்பம் என்று எழுதியிருந்ததோடு சரி. இந்தப் பட்டு ஊரில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் நான் ஒரு தறியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் கூரம் கிராமம், கழனி வேலை செய்த குடும்பம்.

பயிற்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பை, பசை, இடுப்பு பெல்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு கேஸ் ஷீட்டில் இருந்த விலாசத்துக்குப் போனேன். நெசவுக்காரர்களுக்கு ஞாயிறு கிடையாது, அமாவாசைக்குத்தான் லீவு. தறி ஓடிக்கொண்டிருந்தது. உடம்பும் கரையும் வேறு வேறு நிறத்தில் வருகிற கோர்வைச் சேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டுமாம். குழியில் காலை விட்டுக்கொண்டு கணவர் நெய்ய, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கரைக்கான இழையை ஓட்டுவது இந்த அம்மா. ஒவ்வொரு இழைக்கும் முன்பக்கம் சாய்கிறார். நெய்த சேலையைச் சுற்றுகிற மரம் வயிற்றைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். திட்ட வீட்டுக்கே வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கணவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொள்ள, அந்த அம்மாவே சொன்னார்.

“டீ குடிக்கறதோட சரி, சிஸ்டர். தறில குந்தினா பை தொறந்துக்குது. ஒரு தபா என் புடவைல பட்டுடுச்சி. நெய்யறது கல்யாணப் பட்டாச்சே. வயிறு காலியா இருந்தா ஒன்னும் வராதில்ல? அதான் தறிய வுட்டு எறங்கினப்புறம்தான் சோறு.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். தறியை விடு என்று சொல்லிவிடுவேன் என்று பயமாம். தான் உட்காராவிட்டால் கணவரால் தனியாகக் கோர்வை நெய்ய முடியாது என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட என்மேல் எனக்கே கோபம் வந்தது.

“தப்பு உங்க மேல இல்லம்மா. நான்தான் உங்களப் படுக்க வெச்சே பார்த்துட்டேன். படுத்துக்கினு யாரு நெய்வாங்க?”

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கினீங்களா? இத்தினி வருசமா பட்டு நெய்யற கை, ஒரு பைய ஒட்ட வரலியேன்னு எவ்ளோ நாளு அழுதேன்.”

சொல்லிவிட்டு அப்போதும் அழுதார்.

பிறகு வேலையைத் தொடங்கினோம். புடவையோடு தறியில் உட்காரவைத்து, வயிறு எங்கே மடிகிறது, நாடா எங்கே விழுகிறது, மரம் எங்கே இடிக்கிறது என்று பேனாவால் குறித்துக்கொண்டேன். மடிப்பில் விழுந்த பள்ளத்தைப் பசையால் நிரப்பி, பை நேராகத் தொங்காமல் இடுப்புப் பக்கம் சாய்கிற மாதிரி ஒட்டினேன். வயிற்று வழியின் அளவுக்கு ஒட்டுப் பகுதியில் நான் வெட்டிய ஓட்டை கோணல்மாணலாக இருந்தது. அந்த அம்மா இன்னொன்றை எடுத்து, அளவு பார்த்துத் தானே வெட்டி, அதையே மாற்றி ஒட்டிக்கொண்டார். ஓரத்தில் ஓர் இழை பிசகவில்லை. நாடாவுக்குப் பதில் அகலமான துணிப்பட்டி தைத்துக்கொள்ளலாம், அதையும் இன்னும் மேலே கட்டலாம் என்று அவரே சொன்னார். கணவர் இரண்டு செங்கல் கொண்டுவந்து, அவர் உட்காரும் பலகையை உயர்த்திக் கொடுத்தார்.

இப்போது சாப்பிடுங்கள் என்றேன். தயங்கினார். நான் இங்கேயே இருக்கிறேன், எழுந்து போக மாட்டேன் என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து கணவர் இட்லி வாங்கி வந்தார். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு அந்த அம்மா தறியில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நான் உட்கார்ந்ததே இல்லை.

பதினொரு மணிக்கு மேல் தறி நின்றது. கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, “வருது சிஸ்டர்,” என்றார். மூன்று பேரும் அப்படியே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்தேன். பையில் வந்திருந்தது. ஓரம் சுற்றிலும் விரலால் தடவினேன், காய்ந்தே இருந்தது. அவரும் ஒருமுறை தடவிப் பார்த்தார். திரும்பப் போய்த் தறியில் உட்கார்ந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை, எனக்குக் கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டார். எடை ஏறியது, கீமோவும் ஆரம்பித்து முழுதாக முடிந்தது. இன்றுவரை நன்றாக இருக்கிறார். என்னைப் பார்த்தால், நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

பை கசிகிறது என்று இப்போது யார் வந்தாலும், அவர்களைப் படுக்கச் சொல்வதற்கு முன்னால், வீட்டில் எப்படி உட்காருவீர்கள், என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்கிறேன். அந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டதால் ஒரு பெண் இரண்டு மாதம் பட்டினி கிடந்தாள், அதுவும் தன் கையின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு கிடந்தாள் என்பதை அந்த அம்மா மறந்துவிட்டார், என்னால் மறக்க முடியவில்லை.