மண் சரிந்த வாரத்து அத்தியாயம்

எனக்குப் பிடித்த சொல் 'வெரசா'. என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது 'சாவகாசமா'. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கொடைக்கானலில் ஒரு கேரட் தோட்டத்தையும் ஒரு குடும்பத்தையும் எப்படி நடத்தினோம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் சாயங்காலம் மேகம் இறங்கி வாசலை மூடிவிட்டால் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். அந்தத் தொடர்கதை.

வாரப் பத்திரிகையில் வந்ததைக் கிழித்துச் சேர்த்து, வத்தலக்குண்டில் கொடுத்து பைண்டு பண்ணிய புத்தகம் அது. ஒரு பக்கம் கதை இருந்தால் மறுபக்கம் கூந்தல் தைல விளம்பரமும் மாமியார் ஜோக்கும் இருக்கும். இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும் என்று அடுப்புக்கு மேலே பலகையில் வைத்திருப்போம். அதனால் புரட்டினாலே புகை வாசனை. முடிவு தெரியும், யார் எப்போது என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். தெரிந்ததையே திரும்பப் படிப்பதில் இருக்கிற நிம்மதி புதுக் கதை எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதில் ஓர் அத்தியாயம் கிடையாது. அந்த வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. முந்தின அத்தியாயத்தின் கடைசியில் கதாநாயகி கோபித்துக்கொண்டு, புருஷன் வீட்டை விட்டு பஸ் ஏறுவாள். எங்கள் புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே அக்கா வீட்டில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருப்பாள். நடுவில் நடந்ததை என் வீட்டுக்காரர்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஒரு தடவை பஸ் பஞ்சராகும், ஒரு தடவை அவள் ஆயக்குடிக் கொய்யா வாங்கித் தின்பாள்.

"ஏங்க, வீட்ட விட்டுப் போறவ கொய்யாவா திம்பா? அழுதுக்கிட்டுல்ல போவா?" என்பேன்.

"நீ பேசாம கேளு," என்பார். ஒரு தடவைகூட அவளை அவர் அழவிட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கைகால் தப்பித்தது, பேச்சு போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே சொல் 'சரி'. கஞ்சி வேண்டுமா, சரி. வேண்டாமா, சரி. எதிர்ப்பேச்சு பேசியே என் உயிரை வாங்கிய மனுஷன்! மதுரை டாக்டர், "பழகின விஷயமாப் பேசுங்கம்மா, படிச்சுக் காட்டுங்க. வந்தா வரும்," என்றார். வராவிட்டால் என்ன என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே அவர் இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியவில்லை.

தினமும் படித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் கதாநாயகி பஸ் ஏறுகிற இடம் வந்தது. பழக்க தோஷம், அவர் தொடங்கட்டும் என்று நிறுத்தினேன்.

"சரி," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பக்கத்தைப் புரட்டப் போனேன். அவர் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். புரட்ட விடவில்லை.

வேறு வழியில்லாமல் நானே சொல்ல ஆரம்பித்தேன். "பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்தா. வத்தலக்குண்டு வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே போனா. இனிமே நமக்கு யாரு இருக்கான்னு..." அதற்கு மேல் வரவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. வாய் கோணி, உதடு எதற்கோ திணறியது.

"இல்ல," என்றார்.

"என்னங்க?"

"இல்ல. இல்ல." பக்கத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார். கதையைக் கெடுத்துவிட்டேன் என்று என்மேல் கோபம். அசல் கோபம்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லுக்காக அவரோடு போட்ட சண்டைகளுக்குக் கணக்கே கிடையாது. "சரிங்க, அழல. அவ அழவே இல்லங்க," என்று சொல்லிச் சொல்லி நான்தான் அழுதேன்.